முதல் நடையும் புதுக் கேமராவும்

குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸின் வளையத்தை விரலால் ஒரு மயிரிழை திருப்பினார். இரண்டும் நெருங்கி, உரசி, ஒன்றாயின. "பிடிச்சேன் பாரு!" என்றார் போட்டோக்கடை 'நேராப் பாருங்க'.

"தாழ்ப்பாள் எங்கயும் ஓடிடாதுங்க. என் பஸ்ஸு ஓடும். அதப் பிடிங்க" என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை அவருடையது. பதினெட்டு ஆண்டுகளாக நாளுக்கு நூறு முறை சொல்லும் வாக்கியமே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்படி நேராகப் பார்த்தவர்கள் எல்லோரும் போலீஸ் தேடும் ஆட்களாகவே படத்தில் வந்தார்கள். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் போன வாரம் இந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வந்தது.

மற்றக் கேமராக்களில் லென்ஸ் காண்பதைத்தான் நாமும் காண்கிறோம். இதில் கண்ணுக்கென்று மூலையில் தனி ஜன்னல்; அதில் இரண்டாகத் தெரிவது ஒன்றானால் ஃபோகஸ். லென்ஸ் பாட்டுக்கு லென்ஸ், கண் பாட்டுக்குக் கண். நாள்பட்ட தம்பதி மாதிரி. படத்தில் விழாத ஆட்களும் ஜன்னலில் தெரிவார்கள். "உள்ள வரப்போறவன் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுவான். கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனார் வீட்ட முழுசா பாக்குற வசதி" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். சத்தமும் கிடையாது, பூனை கண் சிமிட்டியது போல ஒரு 'க்'. பின்புறத் திரைமேல் கறுப்பு டேப்பை அவரே ஒட்டிவிட்டார். "எடுத்ததும் பாக்குறவன், விதைய போட்டதும் தோண்டிப் பாக்குறவன்!"

மனைவி தனியாகப் பஸ் ஓட்டும் முதல் நாள் அது. மூன்று முறை தேர்வில் தவறி, நான்காவது முறை தேறியவள்.

"ஸ்டியரிங்குல நான் உக்காந்திருக்கிற படம் ஒண்ணு போதும். எங்கண்ணனுக்கு அனுப்பணும். 'உனக்கெதுக்கு இதெல்லாம்'னு கேட்ட வாய் அது. பழைய கேமராவையும் எடுத்துக்கங்களேன்."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? நமக்கு ஆகாது" என்று புதியதை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ் நிலைய வாசலில் பஸ் திரும்பியது. ஓட்டுநர் ஜன்னலில் மனைவியின் முகம் இரண்டாக வந்து ஒன்றானது. 'க்'. அவள் கையை நீட்டி அவரையே சுட்டினாள். 'க்'. கண்ணை உருட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள், என்னவோ கத்தினாள். இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் இப்படி உயிருள்ள முகம் அவருக்கு வாய்த்ததே இல்லை. 'க்', 'க்', 'க்'. பஸ் போயே போய்விட்டது.

"அண்ணே, லென்ஸுக்கு மூடி போட்டே எடுக்குற மாடலா இது?" என்று கேட்டார் வாசல் காவலர்.

டேப்பை உரித்துப் பார்த்தார். இன்று எடுத்தவை பதினோரு படங்கள். பதினொன்றும் அப்பழுக்கில்லாத கறுப்பு.

"ஃபோகஸ் எல்லாம் பக்கா. திரும்பி எப்ப வரும்?" என்றார், குரல் இம்மியும் இறங்காமல்.

"ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனா அது ரெண்டாவது ட்ரிப் ஆச்சேண்ணே?"

"மச்சானுக்குத் தெரியவா போகுது?"

சொல்லிவிட்டாரே தவிர, வாசலை விட்டு ஓரடி நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. வெயில் ஏறி உச்சந்தலைக்கு வந்தபோது பஸ்ஸும் வந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றது. முன் இருக்கைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கையை இப்படி ஆட்டுறேன், அப்படி ஆட்டுறேன், நீங்க பாட்டுக்கு இளிச்சுக்கிட்டே எடுக்குறீங்க!" என்று மனைவி பொரிந்தாள்.

"என்ன முகம்டி அது! இன்னொரு தடவ வருமா?"

"வரும். வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

அவர் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

"இருங்க" என்றாள். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே சாய்த்து, மூடி கழன்றிருக்கிறதா என்று ஆள்காட்டி விரலால் லென்ஸின் கண்ணாடியை அழுத்தித் தொட்டுப் பார்த்தாள். கைரேகை பளிச்சென்று பதிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் ரேகையைத் துடைக்காமலே வளையத்தைத் திருப்பினார்.