லூர்து அக்கா எடுக்காத அளவு

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அப்பாவுக்கு. எல்லோரும் படுத்த பிறகு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நான் பள்ளிக்குப் புறப்படும்போது அப்பாவின் செல்போன் அடித்தது. பேசி முடித்து, அம்மாவிடம் சொன்னார். "பட்டற லூர்து போயிட்டாங்களாம். நெஞ்சு வலி. கடலூர் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சிடுச்சாம்."

"அய்யோ, அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணும்?" என்றார் அம்மா. நான் வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டிய ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஜீப்புகளுக்கு ஷாக் அப்சார்பர் மாட்டும் பட்டறை லூர்து அக்காவுடையது. கணவர் இறந்தபோது பட்டறையை மூடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "மூடிட்டு வரேன், உங்க வூட்டுல எனக்கும் எம் பொண்ணுக்கும் சோறு போடுங்க" என்றாராம். புடவைமேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிடுவார். மகள் ஸ்டெல்லா பாலிடெக்னிக் முடித்துவிட்டு அவருடன் பட்டறையில்தான் வேலை பார்த்தார்.

"ஜீப்புக்கு ஒரு ஜோடி ஷாக் குடுங்க" என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "மாப்பிளைக்கு ஒரு சட்ட குடுங்கன்னு கேப்பீங்களா? ஆளக் கூட்டியாங்க, அளக்கணும்" என்பார்.

அப்பாவின் ஜீப் களிமண் குழிகளில் இறங்கி, பீங்கான் பட்டறைகளுக்கு மூட்டை ஏற்றிவருவது. வண்டியின் அடி தரையில் தட்டுகிறதென்று போன வருடம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்து வண்டியை உயர்த்தினார். அதற்குப் பழைய ஷாக் எட்டவில்லை. அப்போது அக்கா சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொல்வேன்.

"ஒசத்துன வண்டிக்கு, ஷாக்கு மாட்டுற மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவுல ரெண்டு அளவு வேணும்ண்ணே. நிக்கையில ஒண்ணு. மூட்டைய எறக்கிட்டு, ஜாக்கி வச்சி, சக்கரத்தத் தொங்கவுட்டு ஒண்ணு. தொங்குற அளவுக்கு மேல நீளமா வாங்கணும். குட்டையா வாங்குனா சக்கரம் பள்ளத்துல எறங்கையில ஷாக்குதான் வண்டியத் தாங்கும். பிச்சிக்கும்."

அப்பாவுக்கு நேரமில்லை. "நீ அளந்து ஸ்கூலுக்குப் போற வழியில குடுத்துடு" என்று டேப்பை என் கையில் கொடுத்தார். ஜீப்பில் முழு பாரம் இருந்தது. மூட்டையை இறக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நிற்கிற அளவு பதினாறு அங்குலம். தொங்குகிற அளவுக்கு, நானாகவே இரண்டு கூட்டி, பதினெட்டு என்று எழுதினேன்.

சென்னையிலிருந்து ஷாக் வந்தது. மாட்டப் போன அன்றும் அப்பா பாரத்தோடுதான் போனார், நானும் கூட இருந்தேன். அக்கா புது ஷாக்கை நிறுத்திவைத்து நாலைந்து முறை அமுக்கி இழுத்தார், உள்ளே இருக்கும் காற்று போகவேண்டுமாம். ரப்பர்களை மாற்றினார். "ஜாக்கி ஏத்தி ஒருதடவ பாத்துடலாமா?" என்றார்.

"பத்து மணிக்கு லோடு எறக்கணும் லூர்து, வுடு" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தார். "தொங்கவுட்டுத்தானே அளந்த?"

"ஆமாங்க்கா."

ஐந்தாம் நாள் குழிக்கரையில் சக்கரம் பள்ளத்தில் இறங்க, ஷாக் பிய்ந்து, ஜீப் சாய்ந்தது. அப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு பட்டறை வாசலில் நின்று, "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேல?" என்று கத்தினார். ஜங்ஷன் ரோடே வேடிக்கை பார்த்தது. அக்கா வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தார். இருபத்திரண்டு. என் கையெழுத்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"புள்ள சீட்ட வுட்டுட்டு, வண்டி ரோட்டுல நிக்கையில நானே அளந்தேன், அந்த அளவ நான்தான் தப்பா எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்கண்ணே."

மறுநாள் நான் அழுதுகொண்டு போனேன். கட்டியணைத்து எல்லாம் அவர் தேற்றவில்லை. "அந்தக் கட்டோட கையாலயே ஒன்ன அடிச்சிருப்பாரு. அதான் சொன்னேன். ஆனா எங்கிட்ட வந்த ரெண்டு வண்டி வேற பட்டறைக்குப் போச்சு, தெரியுமில்ல? அடுத்த தடவ அளக்கலன்னா அளக்கலன்னு சொல்லு. சரி, மணியாவுது, ஸ்கூலுக்குப் போ" என்றார்.

ரெண்டு வண்டி பிறகு ஏழெட்டாகிவிட்டது.

இன்று மாலை அடக்கம் முடிந்தது. திரும்பும் வழியில் அப்பாவும் நானும் பட்டறை முன் நின்றோம். பெண்ணாடத்துக் கரும்புக்காரர் ஒருவரின் ஜீப் ஜாக்கியில் ஏறியபடி இருந்தது. முந்தாநாள் ராத்திரி அதை அளந்துகொண்டிருக்கும்போதுதான் அக்காவுக்கு வலி வந்திருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மட்கார்டில் சாக்பீஸால் இரண்டு எண்கள், அவர் கையெழுத்து.

"இந்த அளவுக்கே வாங்கி நான் மாட்டித் தரேங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

கரும்புக்காரர் அப்பாவைப் பார்த்தார். "நம்பலாமா?"

"போன வருசம் என் கை ஒடிஞ்சது தெரியுமில்ல?" என்றார் அப்பா. "காலையில வேற எடத்துக்கு இழுத்துட்டுப் போயிடுங்க."

ஸ்டெல்லா அக்கா சாக்பீஸ் எண்களின் மேல் கை படாமல் நகர்ந்து நின்றார். நான் அப்பாவின் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வண்டி போய்விட்டால் அந்தப் பட்டறைக்கு இனி எந்த வண்டியும் வராது. மேலே காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தாலும், விடிவதற்குள் அப்பாவுக்குத் தெரியவேண்டும். என் அப்பா கெட்டவர் இல்லை. தன் கை ஒடிந்தது யாரால் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

லூர்து அக்கா, நீங்கள் எடுத்த எந்த அளவும் தப்பில்லை. எடுக்காத ஒன்றைத்தான் உங்கள் பெயரில் போட்டுக்கொண்டீர்கள். போய் வாருங்கள் அக்கா. உங்கள் மகளை

கதவு தட்டுகிறது. அப்பாதான். "லைட்டு எரியுது, இன்னும் என்ன எழுதுற?" என்கிறார். நோட்டை இந்தப் பக்கத்திலேயே திறந்து வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போகி