அணைக்கப்பட்ட மைக்கில் அக்கா சொன்ன சாட்சி

பண்டசோழநல்லூர் அக்காவைக் கழனி வேலைக்குப் போன சிறுமியாக அறியும். வில்லியனூர்ப் பக்கம் 'மாத்திரைக்காரி'யாக அறியும். இந்த இரண்டாவது பெயர் எப்படி வந்தது என்பதை, அவர் மறைந்து ஓராண்டாகும் இந்நாளில், உறவினருக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் வரிசை பிசகாமல் எழுதி வைக்கிறேன்.

சம்பா அறுப்பு முடிந்த வாரத்தில் பிறந்தவர் என்று அம்மா சொல்வார். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி ஆசிரியர் தாமாகப் போட்டது. அதனால் அதை இங்கே அச்சிடவில்லை. அப்பா இறந்ததும் அக்கா படிப்பை விட்டு, கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்தார். திருமணமாகி வில்லியனூர் அருகே குடிபோனார். மாமாவும் இறந்த பிறகு, தெருக்கோடி ஜெபக்கூடமே அவருக்குத் துணை.

ஒரு தை மாதம் போதகர் அக்காவின் சர்க்கரை நோய்க்காகத் தலையில் கை வைத்து ஜெபித்தார். மாசிக் கூட்டத்துக்குச் சுவரொட்டி வந்தது. அதில் அக்காவின் படம், கீழே 'சர்க்கரை நோயிலிருந்து அற்புத விடுதலை'. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெண்ணின் நோயைச் சுவரில் ஒட்டி ஆள் சேர்ப்பதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

முறையிடப் போன அக்காவிடம், முதலில் சுகமாகிவிட்டேன் என்று விசுவாசத்தோடு அறிக்கையிடுங்கள், சுகம் பின்னால் வரும் என்றாராம் போதகர். பக்கத்து வீட்டு ரோஸ்லினோ இன்சுலினையே நிறுத்தத் துணிந்துவிட்டார்.

“உனுக்கே போய்டுச்சாமேக்கா. அப்ப நானும் ஊசிய வுட்டுடறேன்.”

எனக்குப் போகவில்லை என்று அக்கா சொல்லியும் அவர் நம்பவில்லை. சுவரொட்டியில் போட்டிருக்கிறதே என்றார்.

கூட்டத்தில் நானும் இருந்தேன். போதகர் அக்காவை மேடையேற்றி, சாட்சி சொல்லும்படி மைக்கை நீட்ட, அவர் நிதானமாகப் பேசினார்.

“கர்த்தர் என்னக் கைவுடல. ஆனா சுகர் போவல. காலையிலகூட மாத்திர போட்டுட்டுதான் வந்தேன். ரோஸ்லினு, நீ ஊசிய நிறுத்தாத.”

மைக்கை அணைத்தார்கள். கீபோர்டும் டிரம்மும் முழங்கின. அக்கா இறங்கவில்லை. ரோஸ்லின் தலையசைக்கும் வரை, ஒலிக்காத மைக்கைப் பிடித்து அதையே சொல்லிக்கொண்டு நின்றார். பரிசுத்த ஆவியின் வல்லமை என்று அந்த மேடையில் எத்தனையோ முறை கூவியிருக்கிறார்கள். நான் அதைக் கண்டது அன்று மட்டும்தான்.

பிறகு சபையில் அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் மறுத்தார்கள். அவரோடு பேசக்கூடாது என்று வீடுவீடாகச் சொன்னார்கள். சபை மூப்பர் ஒருவர் நடுத்தெருவில் மடக்கி, “இன்னா மாத்திரக்காரி, கர்த்தர் பெரியவரா, டாக்டர் பெரியவரா?” என்றார்.

“அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கலபா. நீதான் மூட்டி வுடற.”

ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் போய் உட்காருவதை அக்கா விடவில்லை. சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோது, அது தண்டனை என்று பிரசங்கம் நடந்தது. ஐப்பசி மழையில் அவர் இறந்ததும் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது, நானே பார்த்தேன்.

சென்ற மாதம் போதகர் வந்தார். இம்மலரில் 'விசுவாச வீராங்கனை' என்று சபையின் பெயரோடு போடச் சொன்னார். மைக் சங்கதி வேண்டாமாம். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வேறொரு சகோதரியின் படத்தை ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஊர்ப் பொது இடுகாட்டில் இடம் தந்து, கொட்டும் மழையில் குழி வெட்டிய தெருவாசிகளுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்களில் ஒருவரும் ஜெபக்கூடத்துக்குப் போனவர் அல்லர். சபையை மீறி அன்று வந்தவர் ரோஸ்லின் ஒருவரே. அவருக்கும் நன்றி. பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அவர் எழுந்தார்.

“கொஞ்சம் இருங்க, ஊசி போட்டுக்கினு வந்துடறேன். இல்லன்னா அக்கா திட்டும்.”

அவர் வரும்வரை காத்திருந்து, பிறகே பெட்டியை மூடினோம்.