மூடி கழற்றாத சோடா

போத்தில் தண்ணீர் வாங்குகிறவர்கள் மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சுத்தமாம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். எங்கள் கை படவில்லை என்பதற்காகவே போத்திலை விரும்பிய ஒருவரை, எண்பதுகளின் நடுவில், இணுவிலில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே கண்டவள் நான்.

அப்பா கிணறு வெட்டுகிறவர். எங்கள் வளவில் அவர் வெட்டிய கிணற்றுத் தண்ணீர் அப்படி ஒரு இனிப்பு. ஒரு பங்குனி வெயிலில் என் வகுப்பு வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, அப்பா வந்து ஆழமாக்க வேண்டும். அப்பா வெளியே போயிருந்தார். நான் கொண்டுவந்து போட்ட கதிரையில் வாத்தியார் இருக்கவில்லை. சைக்கிளில் சாய்ந்தபடியே நின்றார். என் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் அள்ளி, செம்பு நிறைய நீட்டினேன்.

"எனக்குத் தடிமன் பிள்ளை, மூக்கு ஓடுது. பச்சைத் தண்ணி குடிக்கிறேல்லை" என்றார்.

அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கடையில் சோடா வாங்கிவரச் சொன்னார். எனக்கு ஆத்திரம். இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்க எதற்குச் சோடா? ஆனாலும் ஓடிப்போய் ஒறேஞ் சோடா ஒன்று வாங்கிவந்தேன். வாத்தியாருக்கு ஏன் சிரமம் என்று கதவுக் கொண்டியில் கொடுத்து மூடியை நெம்பி, போத்தில் வாயைப் பாவாடையால் துடைத்தும் கொடுத்தேன்.

"உதை ஆர் திறந்தது?"

"நான்தான் சேர்!"

நீட்டிய கையை வாத்தியார் இழுத்துக்கொண்டார். "எனக்குச் சோடா ஒத்துவராது."

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. "இன்னொண்டு வாங்கிக்கொண்டு வா. மூடியிலை கை வைக்காதை" என்றார். நிறம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, இந்த முறை சிவப்புச் சோடாவாகப் பார்த்து எடுத்தேன். வாத்தியார் மூடியைத் தடவிப் பார்த்தார். சைக்கிள் கரியரில் கொடுத்துத் தானே திறந்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தடிமன்காரர்! சோடா ஒத்துவராதவர்!

அதற்குள் அப்பா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "ஓம் ஐயா, நாளைக்கே வாறன்" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் அப்பா வாத்தியாரின் கிணற்றுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று, அலவாங்கால் பாறை உடைத்தார். அவருடைய வேர்வை அதற்குள்தான் விழுந்தது. அவர் காலடியில் ஊறிய தண்ணீரைத்தான் வாத்தியார் வீட்டார் பிறகு குடித்தார்கள். அந்த வீட்டில் அப்பாவுக்குத் தாகம் எடுத்தால், செம்பைத் தொடவிடாமல் கையில் வார்த்தார்கள். எங்கள் சாதியின் தீட்டு செம்பில் ஒட்டுமாம், கிணற்றில் ஒட்டாதாம். என்ன நியாயம் இது? எங்களுக்குச் சுகாதாரம் படிப்பித்தவரும் இவர்தான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் எரியவில்லை. வாத்தியார் போனதும், அவர் வேண்டாமென்ற ஒறேஞ் சோடா முழுவதும் எனக்கே கிடைத்தது. குசினி வாசலில் இருந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்துவிட்டு, "சேர் ஒவ்வொரு கிழமையும் வந்தால் நல்லம், என்னம்மா?" என்றேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அம்மாவுக்குக் கொடுக்காமல் தனியே குடித்துவிட்ட கோபமாக்கும் என்று நினைத்து, கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கலாமே என்று அழுதேன்.