நான் கொடுத்த ‘டைரக்ட்’

போன வருடம் ஐப்பசி மழையின்போது கடலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன் வீட்டு வயரிங்கை மாற்றியபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு டிரிப்பர் வாங்கி மாட்ட வைத்தான். மின்சாரம் எங்காவது கசிந்தால் உடனே வீடு முழுவதற்கும் கரண்டை நிறுத்திவிடும் சாதனம் அது. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், “எர்த் கம்பி உப்புக்காத்துல அரிச்சுப்போயிருக்கு சார், அதையும் மாத்திடுங்க” என்றார். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரை உடைக்க எனக்கு மனமில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மழை பிடித்ததும் டிரிப்பர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. சாப்பிடும்போது விழும், குளிக்கும்போது விழும். மனைவிக்கு ஒரே சிரிப்பு. “எந்தம்பி உங்களுக்கே ஒரு வாத்தியாரை வாங்கிக் குடுத்துருக்கான். கொஞ்சம் அசந்தா தலையில குட்டுது பாருங்க.”

ஒரு நாள் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசி ஓவரில் கரண்ட் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே கசிகிறது என்று தேடியிருக்க வேண்டும். நான் மெயினை இறக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டிரிப்பரின் வயர்களைக் கழற்றி நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். இதற்கு ‘டைரக்ட் கொடுப்பது’ என்று பெயர். கேட்க ஏதோ கெட்டிக்காரத்தனம் போல இருக்கும். அதன் பிறகு வீட்டில் விளக்கு அணையவே இல்லை. எனக்குப் பெருமை வேறு.

சில நாட்கள் போயிருக்கும். “ஏங்க, ஃபிரிட்ஜைத் தொட்டா சுருசுருன்னு இழுக்குது” என்றாள்.

கசிவு அந்த ஃபிரிட்ஜில்தான் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு” என்றேன்.

“சாமி படம் இருக்கற சமையல்கட்டுல செருப்பா? நல்லா சொன்னீங்க போங்க.”

அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தப் பழைய ஃபிரிட்ஜைத் திறப்பாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளடைவில் அது எனக்கு வீட்டுப் பழக்கங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

மழை விடாத ஒரு காலையில், கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனவள் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பால் பாத்திரம் விழுந்தது. எங்கள் வீட்டில் எது விழுந்தாலும் கூடவே ஒரு வசவும் விழும். அன்று விழவில்லை. அதுதான் என்னை எழுப்பியது.

எட்டிப் பார்த்தேன். ஈர முந்தானை சுற்றிய கை, ஃபிரிட்ஜின் இரும்புக் கைப்பிடியை விட முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கண்கள் என்னையே பார்த்தன. அவளைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம். திரும்பி வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினேன். முட்டி வலிக்காரனான நான் எப்படி ஓடினேன் என்று இன்றும் தெரியவில்லை.

நான் திரும்பி வந்தபோது, சிந்திய பாலின் நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “பால் பூரா போச்சுங்க” என்றாள். நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் சிதம்பரத்திலிருந்து மச்சான் வந்துவிட்டான். அக்காவைப் பார்த்துவிட்டு நேராகப் போய் மெயின் பெட்டியைத் திறந்தான். டேப் சுற்றிய வயரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“யாரு டைரக்ட் குடுத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் படுத்திருந்தவள் முந்திக்கொண்டாள். “நாந்தான்டா ஆள வெச்சுப் போடச் சொன்னேன். சீரியல் பாக்கச்சொல்ல பொசுக்கு பொசுக்குன்னு கரண்டு போவுது. மாமா வேணாம்னுதான் சொன்னாரு.”

அவளைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனவன் நான். எனக்காக அவள் தன் தம்பியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இல்லப்பா, நான்தான் போட்டேன். உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

“தெரியும் மாமா. அக்காவுக்குப் பொய்யும் சொல்ல வராது, டேப்பும் சுத்த வராது” என்றான் மச்சான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “எனக்கு இருக்கறது ஒரே அக்கா மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான்.

அவன் போன பிறகு அவளுக்கு என்மேல் கோபம். “நாந்தான் சமாளிச்சுட்டேன்ல? நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க? அவன் முன்னால நீங்க தலை குனிஞ்சு நிக்கறத நான் பாக்கணுமா?”

அந்த வாரமே புது எர்த் போட்டு, வயரிங் முழுவதையும் சோதிக்க வைத்து, டிரிப்பரை மறுபடி இணைத்தோம்.

இப்போது எப்போதாவது அது விழுந்து வீடு இருட்டானால், நான் மெயின் பெட்டிக்குப் போவதற்கு முன் அவளைக் கூப்பிடுகிறேன். “இங்கதான் இருக்கேன், என்னா இப்ப?” என்று எங்கிருந்தாவது சலித்துக்கொள்வாள். அந்தக் குரலை இந்த வீட்டில் இல்லாமல் செய்யப் பார்த்தவன் நான் என்ற நினைவு என்னை விட்டுப் போவதில்லை, போகவும் வேண்டாம்.