வெடித்ததால் வென்ற டயர்

போன செவ்வாய்க்கிழமை என் சைக்கிளுக்கு இரண்டு புது டயர் போட்டேன். யுத்தம் முடிந்து வந்த முதல் சரக்கு. சுன்னாகத்திலிருந்து புத்தூர் வரை நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஹாண்டிலிலிருந்து கையைக்கூட எடுத்துப் பார்த்தேன்... ஆட்டமே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ தம்பையா அண்ணையின் தும்பு டயர்தான் நினைவுக்கு வந்தது.

டயர் கிடைக்காத அந்த வருஷங்களை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். புத்தூரிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும் தம்பையா அண்ணை, கிழிந்த பின் டயருக்குள் டியூபுக்குப் பதிலாகத் தென்னந்தும்பை அடைத்து ஓட்டினார். மூட்டை ஏறினால் சைக்கிள் வாத்து நடை நடக்கும். என் டயரோ தையலும் ஒட்டும். அது போனால், சுன்னாகத்தில் அப்போதுதான் கிடைத்த வாத்தியார் வேலையும் போகும்.

அந்த நேரம் பார்த்து ஊரில் விளையாட்டுப் போட்டி. மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவதற்குப் பரிசு — ஒரு புது டயர்! கடைசியாக வருபவர் வென்றவர். காலை ஊன்றினால் வெளியே.

விடுவேனா? மூன்று நாள் ஆராய்ச்சி. காற்று இறுகினால் சைக்கிள் ஆடாது என்று முடிவு கட்டி, டயரைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். அங்கேதான் பிழை. இறுகிய டயர் வேகத்தில் நேரே போகும். ஊர்ந்தால் ஒவ்வொரு சிறுகல்லும் அதைத் தள்ளிவிடும். போதாததற்கு என் பிரேம் குட்டை — விரலசைவுக்கே திரும்பிவிடும். அண்ணையின் நீளமான பழைய பிரேம் எதற்கும் அவசரப்படாது. தும்பு டயர் மண்ணில் படிந்து படிந்து நகர்ந்தது. அவரோ தினமும் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பழகியவர்!

ஒவ்வொருவராய்க் கால் ஊன்ற, மிஞ்சியது நாங்கள் இருவர். கோட்டுக்கு மூன்று முழம். நான் முன்னே, அதாவது, தோற்கப்போகிறேன். மத்தியான வெயில்... படார்! என் பின் டயர் வெடித்தது. காற்றுப்போன சில்லு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் காலை ஊன்றாமலே சைக்கிளோடு அப்படியே நின்றேன். பின்னால் வந்த தம்பையா அண்ணை திடுக்கிட்டுக் காலை ஊன்றிவிட்டார்.

"வெடிச்சது உம்மடை ரயர். விழுந்தது நான்," என்றார், சிரிக்காமல்.

பரிசைப் பிரித்தால் இருபத்தெட்டு அங்குல டயர். என் சில்லு இருபத்தாறு! அண்ணையின் சில்லுதான் இருபத்தெட்டு. வேறென்ன செய்வது? அவரிடமே நீட்டினேன். வாங்கவில்லை.

"வெண்டது நீர். சும்மா வாங்கமாட்டன்." என் சப்பையான சில்லைப் பார்த்தார். "நாளைக்கு எப்பிடிப் பள்ளிக்கூடம் போவீர்?"

நான் வெடித்த டயரைத் தடவிப் பார்த்தேன்.

"விடிய வாறன். வெங்காயத்தோடை ஏறும்."

புது டயர் அவருடைய சில்லில் ஏறியது. நான் அவருடைய கரியரில் ஏறினேன். யுத்தம் முடியும்வரை அதுதான் என் வாகனம். மாணவர்கள் சிரித்தார்கள், சட்டையில் வெங்காய வாசனை. ஆனால் ஒருநாளும் பிந்தியதில்லை. உயரத்தில் பாரம் இருந்தால் பின்னால் அசைவது முன்சில்லுவரை போகும் என்று அண்ணைக்கு விளக்கக் கையை விரிப்பேன். சைக்கிள் நெளியும்.

"கதையாதையும் மாஸ்டர், ஆடுது," என்பார்.

இப்போது அவருடைய வெங்காயம் லொறியில் போகிறது. என் புது டயர் நேராகத்தான் ஓடுகிறது... ஆடினால் அதட்டத்தான் முன்னால் ஒரு முதுகு இல்லை.