அத்திப்பழம் போன பிறகு

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் என்பாள் அவர் மனைவி. அவரும் மறுத்துப் பேசியதில்லை. நாள் முழுக்க கிரீஸும் தூசியும் ஏறிய மூக்கு. பால் கெட்டுப் போயிருந்தால் வாயில் வைத்த பிறகுதான் அவருக்குத் தெரியும். மனைவியின் மூக்கு வேறு ரகம். அவள் டிரை கிளீனிங் கடையில் துணி வாங்கி வைக்கும் வேலையில் இருந்தாள். கோட்டு மேசைக்கு வந்ததும் கறையை ஒரு தடவை முகர்ந்து இது காபி, இது இருமல் மருந்து, இது முட்டை என்று பிரித்துவிடுவாள். வெறும் காபிதான் என்று சாதித்த ஒரு கனவானிடம், "காபிதான் சார், ஆனா யாரோ அதுல பிராந்தி ஊத்தியிருக்காங்க" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் அவரை மாட்டிவிட்டவள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பழைய பிரெஞ்சு ஒயின் வந்து சேர்ந்தது ஒரு தண்ணீர்க் குழாயின் தயவால். ஒயின் இறக்குமதி செய்யும் கடை ஒன்றின் அடித்தளத்தில் குழாய் வெடித்து, லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அதைச் சரிசெய்தவர் இவர். கிளம்பும்போது கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். லேபிள் எல்லாம் ஊறி உரிந்துபோன போர்தோ சிவப்பு ஒயின். "லேபிள் இல்லாததை எவன் வாங்குவான்? எடுத்துட்டுப் போங்க. ஆனா அவசரப்பட்டுக் குடிச்சிடாதீங்க, இது வளர்ற பண்டம், வயசாக ஆக ருசி ஏறும்" என்றார்.

முதல் பாட்டிலைத் திறந்தபோது கார்க்கில் வருடம் அச்சாகியிருந்தது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்தை விட ரெண்டு வயசு மூத்தது. இனிமே மரியாதையா அண்ணன்னு கூப்பிடுங்க."

அன்றிலிருந்து படிக்கட்டுக்குக் கீழே இருந்த குளிர்ந்த அலமாரியில் அண்ணன் படுத்துக் கிடந்தார். வருடத்துக்கு ஒரு பாட்டில், குளிர் ஆரம்பிக்கும்போது ஒரு சனிக்கிழமை, இரவுச் சாப்பாட்டோடு. அதற்கு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அவர் ஊற்ற வேண்டும். அவள் முகர்ந்து பேச வேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் "நல்லா இருக்கு" என்ற சொல் மட்டும் கூடவே கூடாது. இதைத் தவிர அவருக்குச் சொல்லத் தெரிந்தது எதுவும் இல்லாததால், அவர் பாட்டுக்கு "ம்" போட்டுக்கொண்டு இறைச்சியை வெட்டிக்கொண்டிருப்பார்.

அவளோ கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஆரம்ப வருடங்களில் அண்ணனைத் திட்டித் தீர்த்தாள். நாக்கைப் பிடித்து இழுக்கிறது, முரடு, பக்கத்தில் உட்கார முடியவில்லை என்றாள். பிறகு வருடத்துக்கு வருடம் குரல் இளகியது. பென்சில் சீவியதும் வரும் மரவாசனை வந்தது. மழை நின்ற மண் வந்தது. ஒரு வருடம், "அத்திப்பழம்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் கோப்பையைவிட்டு மூக்கை எடுக்கவே இல்லை. அன்று சாப்பாடு ஆறிப் போனது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருடமும் ஒரு பாட்டில் திறந்தார்கள். அதன் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருவதுபோல வந்து, எல்லோருக்கும் போவதுபோலப் போனது. போகும்போது அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.

டாக்டர் பிடி கொடுக்காமல் பேசினார். திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார். கடையில் அவளைத் துணி மடிக்கும் பக்கம் மாற்றினார்கள். வீட்டில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, "கருகுதா பாருங்க" என்று கூடத்தில் இருந்தவரைக் கூப்பிடுவாள். அவர் ஓடிப்போய் மோந்து பார்ப்பார். வீட்டின் ஒரே மூக்கு என்ற பொறுப்பு வந்து சேர்ந்ததில் அவருக்கு எந்தப் பெருமையும் இல்லை.

குளிர் வந்தது. அண்ணனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மெல்ல ஆரம்பித்தபோது, "மூக்கு வரட்டும். வந்ததும் திறக்கலாம்" என்று முடித்துவிட்டாள். அடுத்த குளிரும் வந்து போனது. அலமாரியில் மூன்று பாட்டில்கள் மிஞ்சியிருந்தன. ஒயின் என்றென்றைக்கும் ஏறிக்கொண்டே போகாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இனியும் காத்திருக்க முடியாது என்று அவர் சொன்னால், உன் மூக்கு இனி வராது என்று சொன்னதாக ஆகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

உண்மையில் அவர் ஏங்கியது ஒயினுக்காக அல்ல. லிஃப்ட் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும்போதுகூட, கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசும் அந்தக் குரல் காதில் கேட்கும். இப்போதும் அவள் பேசத்தான் செய்கிறாள். ரொட்டி தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, தங்கை கூப்பிட்டாள். அந்தப் பேச்சு மட்டும் இல்லை. மனிதர் வீட்டுக்குள்ளேயே மனைவிக்காக ஏங்கினார்.

மூன்றாம் குளிர் தொடங்கிய வாரம் அவர் வேலையிலிருந்து வந்தபோது, சமையல் மேடைமேல் ஒரு பாட்டில் நிமிர்ந்து நின்றது. அடியில் வண்டல் படியட்டும் என்று இரண்டு நாள் முன்பே நிற்க வைப்பது வழக்கம். அவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சனிக்கிழமை திறக்கலாம்" என்றாள்.

"வந்துடுச்சா?"

"இல்ல. நீங்க மோந்து சொல்லுங்க."

சனிக்கிழமை அவர் குளித்து, சட்டை மாற்றி, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். காளான் போட்டு வேகவைத்த ஆட்டிறைச்சி மேசைமேல் இருந்தது. கார்க் பாதியில் உடைந்தது. மிச்சத்தை நயமாக எடுத்தார். லிஃப்ட் குழிக்குள் அடிக்கும் டார்ச்சைப் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வண்டல் நெருங்கும்வரை மெதுவாக ஊற்றினார். ஒயினின் ஓரம் வயதாகிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

அவர் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக் கண்ணை மூடினார். பிறகு, இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தார்.

"பென்சில் சீவினதும் வருமே, அந்த மரவாசனை. அதுக்குப் பின்னாடி மழை நின்ன மண்ணு. கடைசில, ரொம்பக் கடைசில, அத்திப்பழம்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்திப்பழமா?"

"ம்."

"போன தடவை திறந்தப்பவே அத்திப்பழம் போயிடுச்சுங்க. இனி திரும்பாதுன்னு நான்தானே சொன்னேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிந்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"நான் சொன்னதையே எனக்குச் சொல்றீங்க. இத்தனை வருஷமா கறியை வெட்டிக்கிட்டு ம் போட்டுக்கிட்டிருந்தீங்க. எதையும் காதுல போட்டுக்கலைன்னுல்ல நினைச்சேன்."

"மூக்குதான் மந்தம். காதுக்கு என்ன?"

"வேற என்ன ஞாபகம் இருக்கு?"

அவர் சொன்னார். முரடு என்று திட்டிய வருடம். பழைய தோல் பெட்டியைத் திறந்த மாதிரி என்ற வருடம். தங்கையோடு சண்டை போட்டுவிட்டு வந்து, ஒயின் புளிக்கிறது என்று பழியை அண்ணன் மேல் போட்ட வருடம். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கோப்பையை எடுத்து, முன்பு செய்வதுபோலவே மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணுமே இல்ல" என்று கோப்பையை வைத்தாள். "சரி, இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. மிச்சம் இருக்கற ரெண்டும் எனக்காகக் காத்திருக்குமா?"

தப்பிக்க வழியில்லை. அவர் மறுபடி முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே ஒரு ஒயினை எடைபோட்டார். பழம் எதுவும் மிச்சமில்லை. உடம்பு மெலிந்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது.

"காத்திருக்காது" என்றார். "இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அவருக்கு எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை ஒண்ணு, அதுக்கடுத்து ஒண்ணு. முடிச்சிடலாம். இப்ப இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. என் வார்த்தை வேண்டாம், உங்க வார்த்தைல."

அவர் தடுமாறினார். மோட்டார் அறையில் வெயில்பட்டுச் சூடான மரக்கதவு என்றார். "அப்புறம்?" என்றாள். துரு இல்லாத இரும்பு, கையில் ரொம்ப நேரம் வைத்திருந்தது என்றார். "அப்புறம்?" மறுபடி குனிந்தார். அடியில் ஏதோ ஒன்று இருந்தது. கம்பளித் துணியும் நீராவியும் கலந்த மாதிரி, இதமாக, தினமும் தெரிந்த ஒன்று. என்னவென்று பிடிபட்டதும் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார்.

"நீ கடைலேர்ந்து வந்து கோட்டைக் கழட்டுவியே. அப்ப உன்கிட்ட ஒரு வாசனை வரும். அது."

அவள் அவரையே பார்த்தாள். ஊரார் துணியை எல்லாம் முகர்ந்தவள்.

"எனக்குத் தெரியாதே" என்றாள். "அது எப்படி இருக்கும்?"

பழைய ஒயின் திறந்த பிறகு அதிக நேரம் தாங்காது. கோப்பைக்குள் வாசனை ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருந்தது. அவர் மூக்கை ஆழமாக உள்ளே விட்டு, அது முழுதும் போய்விடுவதற்குள், அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.