சித்தியின் சுடுதண்ணிப் பை

புது ரப்பரின் மணம் எங்கிருந்து வந்தாலும், அது செருப்புக் கடையாகவே இருந்தாலும், என் இடது கை தானாகப் புரண்டு மணிக்கட்டின் உட்பக்கத்தை மேலே காட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் நான் நேரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கையில் நான் மணிக்கூடு கட்டுவதே இல்லை.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத்து "அனெக்ஸில்" நானும் அம்மாவும் இருந்தோம். அப்பாவுக்குச் சவூதியில் வேலை. எனக்குப் பதினொரு வயதானபோது, யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்த அம்மாவின் தங்கை, என் சித்தி, ஷெல் துண்டு பட்ட இடது காலோடு வைத்தியத்துக்காக எங்களிடம் வந்து சேர்ந்தார். துண்டை எடுத்துவிட்டார்கள், ஆனால் முழங்காலுக்குக் கீழே தொட்டால் அவருக்குத் தெரியவில்லை. உணர்ச்சி மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டுமே அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

படுத்தே கிடந்ததில் சித்திக்கு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் நாரிப்பிடிப்பும் வந்தது. அதற்கு ஒத்தடம் கொடுக்க அம்மா பெருந்தெருவான காலி வீதியின் பாமசியில் சிவப்பு ரப்பர்ப் பையொன்று வாங்கினார். எங்கள் வீட்டில் அதன் பெயர் "பேக்". அம்மா அதை வளர்த்தார் என்றே சொல்லவேண்டும். கேத்திலை இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, பையில் முக்கால்வாசிக்கும் குறைவாக ஊற்றி, மேலே மிஞ்சிய காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்து, பழைய துவாயில் தைத்த சட்டையை மாட்டிய பிறகுதான் அது சித்தியிடம் போகும். நோவெண்ணெய் பூசிய கையால் தொடவே கூடாது, ரப்பர் வெடித்துவிடும். வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் ஆணியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். "இவனுக்கு என்னைவிட நல்ல கவனிப்பு" என்று சித்தி பையைப் பார்த்துச் சிரிப்பார்.

காலில் மட்டும் வைக்கக்கூடாது, தெரியாத இடத்தில் சூடு வைப்பது ஆபத்து என்று காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் காலை அம்மா தினமும் காலையில் பரீட்சித்தார். சித்தியை அலுமாரிப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, சீப்பின் நுனியால் உள்ளங்காலைத் தொட்டு, "இப்ப தெரியுதோ?" என்று கேட்பார். ஒரு மாதம் "இல்லை அக்கா". பிறகு ஒரு நாள் "ஓம், கொஞ்சம் தெரியுது". அம்மா தொட்டபோதெல்லாம் சித்தி சரியாகச் சொன்னார், தொடாதபோது இல்லையென்றார். அன்று அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வரும்போதே அழுதுகொண்டு வந்தார். அதற்குப் பிறகு பிசியோ மிஸ்ஸைக் கேட்காமலே, பேக் நாரியில் பாதி நேரமும் கெண்டைக்காலில் பாதி நேரமும் இருந்தது.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவைச் சித்திக்குப் புதுப்பிக்க அம்மா வரிசையில் நிற்கப் போன ஒரு பின்னேரம், பேக் என் பொறுப்பில் விடப்பட்டது. எதிர் வீட்டில் கரம் விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துவாய்ச் சட்டை கொடியில் ஈரமாகக் கிடந்தது. நான் கொதித்த தண்ணீரை ஆறவிடாமல் ஊற்றி, சட்டையில்லாமலே பேக்கைக் கெண்டைக்காலின் கீழ் வைத்தேன்.

"சித்தி, சுடுதோ?"

"இல்லையடி, சுகமாக் கிடக்கு. நீ ஓடு."

ஓடினேன். இரண்டு ஆட்டம் வென்றேன்.

அம்மா திரும்பி வந்து பேக்கைத் தூக்கியபோது தோலும் அதோடு உரிந்து வந்தது. நான் வாசலில் நின்றேன். "எத்தினை தரம் சொன்னனான் உனக்கு!" என்று அம்மா கையை ஓங்கினார்.

"சித்தி சுடேல்லை எண்டவா அம்மா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி அலுமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்: அதன் கண்ணாடியில் கட்டிலின் கால்மாடு முழுவதும் தெரிந்தது.

"எனக்கு ஒருநாளும் தெரியேல்லை அக்கா" என்றார் சித்தி. "கண்ணாடியில உங்கட கையைப் பாத்துத்தான் சொன்னனான். காலமை காலமை வந்து கேக்கிறனீங்கள். அந்த முகத்துக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் காலில் நெடுநேரம் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அலுமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு சேலையைத் தொங்கவிட்டார்.

புண் ஆற மூன்று மாதம் எடுத்தது. உன் பிழையில்லை என்று இருவரும் சொன்னார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கொதிதண்ணீரை ஊற்றியது என் கைதான். நான் ஒப்புக்கொள்ளாதது சித்திக்கு விளங்கியிருக்கவேண்டும். திரும்ப ஒத்தடம் தொடங்கிய நாளில் அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னையே கூப்பிட்டார். பேக்கை என் இடது மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்து, இருபது எண்ணச் சொன்னார். "இனி நான் சொல்லுறதைக் கேக்காதை. உன்ர கை சொல்லட்டும்." அதன் பிறகு பேக் நாரியைத் தாண்டி ஒருபோதும் கீழே இறங்கவில்லை.

இப்போது அந்த ஒழுங்கையில் அனெக்ஸ் இல்லை. அந்த இடத்தில் எட்டு மாடி நிற்கிறது, கடற்காற்று அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது. சிவப்புப் பை கழுத்தடியில் வெடிப்புக் கண்டதும் அம்மாவே அதை வெட்டி எறிந்தார், இன்னொரு நாள் பாவிக்க விடவில்லை. அம்மாவும் போய்விட்டார். சித்தி ஊருக்குத் திரும்பி, கைத்தடியோடு பென்சன் வரைக்கும் கணக்குப் படிப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போன் எடுப்பேன். "எப்பிடி சித்தி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால், ஒரு கணமும் தாமதிக்காமல் மறுமொழி வரும்: "எனக்கென்ன, சுகமாக் கிடக்கு."

போனை வைத்துவிட்டு, யாழ்ப்பாணம் போகும் ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.